ஸர் பாட்ரிக் மான்ஸன்

மக்கள் உடலைப் பற்றும் நோய்கள் இருவகைப்படும். ஒருமுறை வந்து தீர்ந்துபோவன ஒருவகை. தீர்ந்தனபோற் காட்டி மீண்டும் மீண்டும் வருவன மற்றொருவகை. முன்னவற்றினும் பின்னவை கொடியன என்பது அவற்றால் வருந்தினோர் நன்கறிந்த உண்மை. நோயுள்ள நாளில் உடல் வருந்தும். நோயில்லாத நாளிலோ, அது மறுபடியும் எந்நாள் வருமோ என்று உள்ளம் வருந்தும்.

இப் பின்னைய வகையைச் சார்ந்தது காலைப் பற்றும் அழற்சி நோய். நன்றாயிருந்த ஒருவருக்குத் திடீரெனக் குளிர் நடுக்கம் காணும், காய்ச்சல் ஏறும், தொடையிடுக்கில் நெறி கட்டும், ஒரு கால் சிவந்து வீங்கித் தொட்டாற் பொறாத வேதனை தரும். சில நாள் படுக்கையிற் கிடந்தபின் காய்ச்சல் தணியும். ஆயின் வீக்கம் முழுதும் வற்றாது. சில திங்கள் கழித்து அதே காலில் நோய் மீண்டும் வரும். ஒவ்வொரு வரவும் காலைச் சிறிது பருக்கச்செய்து செல்லும். பருத்த கால் அடுத்த வரவுக்கு இடங்கொடுக்கும். மேனாட்டு வைத்தியர் இதனைச் செல்லுலைட்டிஸ் என வழங்குவர். யானைக்கால் நோயுடையாரிடத்து இத்தகைய அழற்சி மிகுதியும் காணப்படும்.

இந்நோயால் ஒருமுறை வருந்தினாருள் யாருக்கு அது மீண்டும் வரும், யாருக்கு வாராது என்பதனை முன்னரே அறிந்து சொல்லக்கூடுமோ? இஃது ஏட்டுப் படிப்புக்குரிய வினா அன்று. கூலிவேலை செய்து உண்பார் ஒருவருக்கு ஒரு வாரம் படுக்கை என்பது ஒரு வாரம் பட்டினி என்பதேயாம். வருவதை முன்னறிந்தால் வருமுன் காக்கலாம். அறியாவிடில் வந்தபின் அழுவதன்றி வேறில்லை.

இவ்வினாவுக்கு விடை காணும் நெறியில் நடந்த முன்னோருள் தலைசிறந்த ஒருவர் ஸ்காத்லாந்து நாட்டு ஸர் பாட்ரிக் மான்ஸன். மலேரியாக் காய்ச்சலின் மருமத்தைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் என்பாரின் ஆசானாக அவரை நம்மிற் பலர் அறிவர். ஆயின் அவருக்கு முதலிற் புகழ் தேடித்தந்த ஆராய்ச்சி மலேரியாவைப் பற்றியதன்று, யானைக்காலைப் பற்றியதேயாம். அந்நோக்குடன் அவர் வாழ்க்கையைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் கருத்து.

பிறப்பும் இளமையும்

மான்ஸன் 1844-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3-ஆம் நாள் ஸ்காத்லாந்தில் அபர்டீன் நகரை அடுத்த ஓல்ட்மெல்ட்ரம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஜான் மான்ஸன் நிலபுலம் உடையவர். பாங்கி ஒன்றன் மேலாளராகவும் இருந்தவர். மக்கள் ஒன்பதின்மருள் பாட்ரிக் இரண்டாம் ஆண்மகவு. அன்னையாரின் குடும்பம் ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஊழியஞ்செய்த டேவிட் லிவிங்ஸ்டன் என்னும் பெரியாருக்குத் தூரத்து உறவுடையது என்பர்.

இளமையில் மான்ஸன் பொறியியல் தொழிலையே விரும்பினார். ஏறக்குறையப் பதினைந்தாம் வயதில் இரும்புத் தொழிற்சாலை ஒன்றிற் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்குச் செய்த கடுவேலை அவர் உடலுக்கு ஒவ்வாததாயிற்று. முதுகெலும்பு வளைந்தது, வலக்கை வலுவிழந்தது. பல திங்கள் படுக்கையிற் கிடக்க நேர்ந்தது. எழுந்து நடமாடத் தொடங்கிய காலத்துப் பொழுதுபோக்காகச் செடிகொடிகளையும் உயிரினங்களையும் ஆராயலானார். அவ்விருப்பமே அவரை மருத்துவக் கல்விக்கு ஈர்த்தது. 1860-இல் அபர்டீன் சர்வகலாசாலையிற் சேர்ந்து, இருபது வயது நிரம்புமுன்பே தேர்வுகளை முடித்தார். பட்டம் பெறும் வயது வாராமையால் சிலகாலம் காத்திருந்து, 1865-இற் பட்டம் பெற்றார். மறுவருடம் எம்.டி. பட்டமும் அவருக்குக் கிடைத்தது. தொழிற்சாலையில் முறிந்த உடல்நலம் மருத்துவ உலகுக்கு ஓர் அறிஞரைத் தந்தது என்னலாம்.

சீன நாட்டில்

1866-இல் மான்ஸன் சீன அரசாங்கத்தின் சுங்க இலாகாவில் வைத்தியராக அமர்ந்து, இன்று தைவான் என வழங்கும் பார்மோசாத் தீவுக்குச் சென்றார். அங்கு ஐந்தாண்டு இருந்தபின், 1871-இல் எதிர்க்கரையிலுள்ள அமாய்த் துறைமுகத்திற்கு மாறினார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பார்வையிட்டு மாலுமிகளுக்கு மருந்து கொடுப்பது அவர் உத்தியோகம். அவ்வளவில் அமையாது, மிஷன் ஆஸ்பத்திரியிற் சீன மக்களுக்கும் சிகிச்சை செய்துவந்தார்.

அவ்வூரில் அவர் கண்ட நோய்களுள் அவர் உள்ளத்தை மிகவும் வருத்தியது யானைக்கால். காலும் பிற உறுப்புக்களும் அளவிறந்து பருத்து, நடக்கவும் உழைக்கவும் மாட்டாது, உற்றாராலும் வெறுக்கப்பட்டு வந்த ஏழைகளை அவர் நாள்தோறுங் கண்டார். இந்நோய் நம் நாட்டுக்கும் புதியதன்று. தமிழில் யானைக்கால் என்ற பெயரே அதன் பழமையைக் காட்டும். மலையாளக் கரையில் இது மலிந்திருந்தமைபற்றி ஐரோப்பியர் ஒருகாலத்தில் இதனைக் கொச்சிக் கால் என்றே அழைத்தனர். தீய நீராலும், தீய காற்றாலும், முன்னோர் வினையாலும் வருவதென்று பலர் பலவாறு கூறினரேயன்றி, உண்மைக் காரணம் அறிந்தார் இலர்.

மான்ஸன் கத்தியை எடுத்துப் பருத்த தசைகளை அறுத்து நீக்கினார். பலர் பிழைத்து நலமுற்றனர். ஆயினும் அவருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. அறுத்த இடத்தில் நோய் நீங்கலாம். அறுக்கப்படாத பதின்மர் நாளை வருவர். இந்நோய் எங்கிருந்து வருகிறது, ஏன் ஒருவரை விட்டு ஒருவரைப் பற்றுகிறது என்னும் வினாக்கள் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1875-இல் விடுமுறை பெற்றுத் தாய்நாடு சென்ற மான்ஸன், அவ்வாண்டில் ஹென்ரியட்டா தர்பர்ன் என்னும் நங்கையை மணந்தார். மணமகனாய் இருந்த அந்நாளிலும் அவர் இலண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் மியூசிய நூல்நிலையத்தில் அமர்ந்து, யானைக்காலைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தார். அங்குத்தான், கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்னும் வைத்தியர் 1872-இல் மக்கள் இரத்தத்தில் நூல்போன்ற நுண்புழுக்களைக் கண்டறிந்த செய்தி அவருக்குத் தெரியவந்தது. ஆஸ்திரேலியாவிற் பிரிஸ்பேன் நகரத்து ஜோசப் பான்கிராப்ட் என்பவர் 1876-இல் அப்புழுவின் முதிர்ந்த வடிவத்தைக் கண்டார். இரத்தத்தில் உள்ளன அப்புழு ஈன்ற குஞ்சுகள் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இரவும் பகலும்

அமாய்க்குத் திரும்பிய மான்ஸன் கையில் மைக்ராஸ்கோப் ஒன்றே கருவி. ஆராய்ச்சிச்சாலை இல்லை, உடனாராயும் அறிஞர் இல்லை, வேண்டிய நூல்களும் இல்லை. அவர் இரத்தத் துளிகளைச் சோதித்தபோது ஒரு வியப்பு நிகழ்ந்தது. ஒருவர் இரத்தத்தில் ஒரு வேளை புழுக்கள் நிறைந்திருக்கும். மற்றொரு வேளை ஒன்றும் இராது. பிறராயின் தம் கண்ணையோ கருவியையோ ஐயுற்று விட்டுவிடுவர். மான்ஸன் அவ்வாறு விடவில்லை. தம்மிடம் மருத்துவம் பயின்ற சீன மாணவர் இருவரை அமர்த்தி, ஒருவர் பகலிலும் ஒருவர் இரவிலும் இரத்தத்தைச் சோதித்துப் புழுக்களை எண்ணிக் குறித்துவருமாறு செய்தார். அக்குறிப்புக்களால் விளங்கிய உண்மை யாது? பகலெல்லாம் புழுக்கள் மறைந்திருக்கின்றன, கதிரவன் மறையும் வேளையில் வெளிப்படத் தொடங்குகின்றன, நள்ளிரவிற் பெருகுகின்றன, காலையிற் குறைந்து மறைகின்றன. நாட்காட்டி பார்த்து நடப்பனபோல் நாள்தோறும் இம்முறை தவறாது நிகழ்கின்றது. பகலில் அவை நுரையீரலின் இரத்தக்குழாய்களில் ஒதுங்கியிருக்கின்றன என்பதனையும் அவர் பிற்காலத்தில் இலண்டனில் ஆராய்ந்து கண்டார்.

நண்பர்களே, ஈண்டுச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நோய் உண்டா இல்லையா என்று ஒருமுறை பார்த்து முடிப்பதே பெரும்பாலார் வழக்கம். மான்ஸனோ, ஒருவரையே பலமுறை பார்த்தார், பார்த்ததனைக் காலத்தோடு சேர்த்து எழுதினார், எழுதியதனை எண்ணினார். எப்பொழுது என்னும் வினாவை எழுப்பியதே அவர்தம் பெருமை. மீண்டும் வரும் நோயை முன்னறிய விரும்புவார் யாவரும் செய்யவேண்டியதும் இதுவேயாம். ஒருமுறை பார்த்தாருக்கு நோய் தெரியும். பலமுறை பார்த்து எழுதிவைத்தாருக்கே நோயின் நடை தெரியும்.

கொசு

இரத்தத்தில் உறையுள் அடைபட்டுக் கிடக்கும் புழு தானே வெளியேற இயலாது; ஆகவே இரத்தம் குடிக்கும் உயிர் ஒன்றே அதனை வெளிக்கொணர்தல் வேண்டும் என்று மான்ஸன் கருதினார். யானைக்கால் மலிந்த நாடுகள் கொசு மலிந்த நாடுகளாகவும் இருத்தலை எண்ணினார். 1877-இல், இரத்தத்தில் இப்புழுக்கள் மிக்கிருந்த ஹின்-லோ என்னும் சீனரை, கொசுக்கள் புகவிட்ட அறையொன்றில் இரவில் உறங்கச்செய்தார். காலையில் இரத்தம் குடித்துப் பருத்துச் சுவரில் ஒட்டியிருந்த கொசுக்களைப் பிடித்து, நாள்தோறும் சிலவாக அறுத்துப் பார்த்தார். கொசுவின் வயிற்றில் அப்புழு தன் உறையைக் கழற்றுவதனையும், மார்புத் தசையிற் புகுவதனையும், அங்கு வளர்வதனையும் அவர் கண்டார். மக்களைப் பற்றும் நோய்க்கிருமி ஒன்று பூச்சியின் உடலில் வளர்ச்சி பெறுகிறது என்பதனை உலகம் முதன்முதல் அறிந்தது அன்றேயாகும். இச்செய்தி 1878-இல் இலண்டன் லின்னேயக் கழகத்திற் படிக்கப்பட்டது. நம்பினார் சிலர், நகைத்தார் பலர்.

மான்ஸனின் பெயரை நூல்கள் போற்றுகின்றன. கொசுக்கடியைப் பொறுத்து அவ்வறையிற் கிடந்த ஹின்-லோவைப் பற்றியோ நாம் அறிவது மிகச் சிறிது. நோய் தீர்க்கும் வழியெல்லாம் நோயுற்றார் உடலின் மேலே நடந்துசென்ற வழியாதலின், அவரையும் நன்றியுடன் நினைத்தல் நம் கடன்.

மான்ஸன் கண்டதில் ஒரு குறையும் இருந்தது. கொசு சில நாளே வாழ்வதென்றும், முட்டையிட்டபின் நீரில் விழுந்து மாள்வதென்றும், அந்நீரைக் குடிப்பதால் புழு மக்கள் உடலிற் புகுகின்றதென்றும் அவர் கருதிவிட்டார். பின்னர் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பான்கிராப்ட்டின் மைந்தர் தாமஸ் பான்கிராப்ட் கொசுக்களுக்கு வாழைப்பழம் ஊட்டிப் பல நாள் உயிருடன் வைத்திருந்து, புழு முற்றும் வளர்வதனைக் கண்டார். அவர் அனுப்பிய கொசுக்களை ஆராய்ந்து, அப்புழு கொசுவின் ஊசிவாயிலேயே வந்து தங்கியிருப்பதனை 1900-இல் நிலைநாட்டியவர், மான்ஸனோடு இலண்டனில் உழைத்த ஜார்ஜ் லோ என்பார். நீராலன்று, கடியாலேயே நோய் பரவுகின்றது என்பது தெளிவாயிற்று. தம் கொள்கை தம் பள்ளியிலேயே திருத்தப்பட்டதனை மான்ஸன் மனமுவந்து ஏற்றார்.

ஹாங்காங்கும் இலண்டனும்

1883-ஆம் ஆண்டின் இறுதியில் மான்ஸன் ஹாங்காங் நகரத்திற்குக் குடிபெயர்ந்தார். நல்ல பால் கிடையாமல் குழந்தைகளும் நோயாளரும் வருந்துதல் கண்டு, 1886-இற் பால்பண்ணைக் கம்பெனி ஒன்றை நிறுவுதற்கு முன்னின்றார். 1887-இற் சீன மாணவர்க்கென மருத்துவக் கல்லூரி ஒன்று அங்குத் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தார். பின்னாளிற் சீனக் குடியரசின் தந்தை எனப் போற்றப்பட்ட ஸுன் யாட்-ஸென் அக்கல்லூரியின் முதல் மாணவருள் ஒருவர். 1896-இல் அவர் இலண்டனிற் சீனத் தூதரகத்துட் சிறைப்பட்டிருந்தபோது, விடுதலைக்காக முயன்றவருள் அவர்தம் பழைய ஆசிரியராகிய ஜேம்ஸ் கான்ட்லியும் மான்ஸனும் ஆவர்.

1889-இல் தாய்நாடு திரும்பிய மான்ஸன், மறுவருடம் இலண்டனிற் குடியேறினார். 1892-இல் மாலுமிகளின் ஆஸ்பத்திரியில் வைத்தியரானார். 1894-இல் இந்திய மருத்துவ இலாகாவைச் சேர்ந்த ரொனால்ட் ராஸ் அவரைக் கண்டார். யானைக்காற் புழுவைப் போலவே மலேரியாக் கிருமியும் கொசுவின் உடலில் வளர்தல் கூடும் என்னும் தம் கருத்தை மான்ஸன் அவருக்கு விளக்கினார். ராஸ் இந்தியா திரும்பிப் பட்ட பாடுகள் பல. மான்ஸன் கடிதங்கள் வாயிலாக அவரை ஊக்கிவந்தார். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் சிக்கந்தராபாத்தில் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நோபெல் பரிசு 1902-இல் ராஸுக்குக் கிடைத்தது. வித்திட்டவர் மான்ஸன் என்பதனை வரலாறு மறக்கவில்லை.

1900-இல் மான்ஸன் உலகத்தை நம்புவிக்கும் பொருட்டுச் செய்த சோதனை ஒன்று நெஞ்சை உருக்குவது. இத்தாலி நாட்டு ரோமாபுரியில் மலேரியா நோயாளரைக் கடித்த கொசுக்கள் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றின் கடிக்குத் தம் உடலைத் தாமே முன்வந்து கொடுத்தவர் வேறெவருமல்லர். மான்ஸனின் மைந்தர், மருத்துவ மாணவராகிய பாட்ரிக் தர்பர்ன் மான்ஸன். குறித்த நாளில் அவருக்கு மலேரியா கண்டது. கொய்னா மருந்தால் தீர்ந்தது. தீர்ந்தது என்றே யாவரும் எண்ணினர். ஆயின் ஒன்பது திங்கள் கழித்து, புதிய கொசுக்கடி இன்றியே, அது மீண்டும் வந்தது. நீங்கியதாகக் காட்டி மீளும் நோயின் இயல்பைத் தம் மகன் உடலிலேயே கண்ட அத்தந்தை, அதனையும் மறையாது 1901-இல் மருத்துவ இதழில் எழுதி வெளியிட்டார். அவ்விளைஞர் 1902-இற் கிறிஸ்துமஸ் தீவில் நேர்ந்த விபத்தொன்றில் உயிர் துறந்தார். அத்துயரைத் தாங்கிக்கொண்டும் மான்ஸன் தம் கடமைகளிற் சோர்ந்தாரல்லர்.

1897-இல் அவர் குடியேற்ற நாடுகளின் அலுவலகத்துக்கு மருத்துவ ஆலோசகரானார். 1898-இல் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. 1899-இல் அவர் முயற்சியால் இலண்டனில் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளி நிறுவப்பெற்றது. 1903-இல் அரசாங்கம் அவருக்கு ஸர் பட்டம் அளித்தது. கீல்வாதம் அவரை நெடுநாள் வருத்தியது. கால்நோயை ஆராய்ந்த பெரியார் தம் காலால் நன்கு நடக்கமாட்டாது வருந்தினார். 1922-ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 9-ஆம் நாள் இலண்டனில் அவர் ஆவி பிரிந்தது. அவரது உடல் அபர்டீனில் அடக்கஞ் செய்யப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற வினா

யானைக்கால் எவ்வாறு உண்டாகின்றது என்பதற்கு மான்ஸன் தந்த விடை இரு பகுதியுடையது. புழுக்களால் நிணநீரின் ஓட்டம் தடைப்பட்டு, நீர் தேங்குகின்றது. அவ்வாறு தேங்கிய உறுப்பில் அழற்சி மீண்டும் மீண்டும் உண்டாகின்றது. இவ்விரண்டும் சேர்ந்தே காலைத் தடிக்கச்செய்கின்றன என்பது அவர் கொள்கை. வாய்க்கால் அடைபட்ட வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகுதல் போன்றது இது. நிணநீர் என்பது உடலின் கழிவை வாரிச்செல்வதோடு கிருமிகளை எதிர்க்கும் காவலரையும் ஏந்திச்செல்வது. அது தேங்கிய காலிற் காவல் தளர்கின்றது. நோய் ஒவ்வொருமுறை வரும்போதும் எஞ்சிய நிணநீர்க் குழாய்களும் கெடுகின்றன. ஆகவே ஒருமுறை வந்த நோயே மறுமுறை வருதற்குக் காரணமாகின்றது.

அவ்வழற்சியைப் புழுவே உண்டாக்குகின்றது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. பிற்காலத்து ஆராய்ச்சியால், பெரும்பாலும் தோலின் வெடிப்புக்களின் வழியே புகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலிய வேறு கிருமிகளே அதற்குக் காரணம் என்பது விளங்கிற்று. கால்விரல்களின் இடுக்கில் உண்டாகும் சேற்றுப்புண்ணே அக்கிருமிகளுக்குத் தலைவாயில். புழு கோட்டையின் மதிலைத் தளர்த்துகின்றது. சேற்றுப்புண் கதவைத் திறந்துவிடுகின்றது.

யானைக்காற் புழு இல்லாத நாடுகளிலும் இவ்வுண்மையே காணப்பட்டது. பிரான்சு தேசத்தில் இக்காலழற்சியால் ஆஸ்பத்திரி சேர்ந்த 167 நோயாளரை, அந்நோயில்லாத 294 பேருடன் ஒப்பிட்டு ஆராய்ந்த செய்தி 1999-இல் வெளிவந்தது. நிணநீர் தேங்கிய வீக்கம் உடையாரிடத்து இந்நோயின் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 71 மடங்காகவும், தோலில் வெடிப்போ புண்ணோ உடையாரிடத்து ஏறத்தாழ 24 மடங்காகவும் இருந்தது. உடற்பருமனும் காலின் இரத்தக்குழாய்க் கோளாறும் அவற்றிற்கு அடுத்து நின்றன. இனி, அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில் ஒருமுறை இந்நோயுற்ற 209 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்தனர்; 2 ஆண்டுகளுக்குள் 35 பேருக்கு அது மீண்டும் வந்தது. முழந்தாளுக்குக் கீழ் முன்காலில் நோய் வந்திருத்தல், அதே காலில் தோல்நோய் இருத்தல், முன்னர்ப் புற்றுநோய் உற்றிருத்தல் என்னும் மூன்று அறிகுறிகளை வைத்து, மீண்டும் வரும் என்பதனை ஒருவாறு கணிக்கலாம் என 2007-இல் அவர்கள் எழுதினர்.

கணித்தறிந்து பயன் என்னை எனின், காத்தலே பயன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருமுறையோ பலமுறையோ இந்நோயுற்ற 274 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறாருக்குப் பெனிசிலின் மாத்திரையும் மற்றவருக்கு வெறும் மாத்திரையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். 2013-இல் வெளிவந்த அம்முடிவின்படி, அவ்வாண்டில் முன்னவருள் நூற்றுக்கு 22 பேருக்கும் பின்னவருள் நூற்றுக்கு 37 பேருக்கும் நோய் மீண்டும் வந்தது. ஆயின் மருந்தை நிறுத்தியபின் அக்காவல் நீடிக்கவில்லை. பருத்த உடலும், பலமுறை நோயுற்ற வரலாறும், வீங்கிய காலும் உடையாருக்கு மருந்தின் பயன் குறைவாகவே இருந்தது. 2020-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செய்தியோ இன்னும் சிந்திக்கத்தக்கது. கால்வீக்கமும் மீளும் அழற்சியும் உடைய 84 பேருள், இறுக்கும் காலுறை அணிந்தவரில் நூற்றுக்கு 15 பேருக்கும், அணியாதவரில் நூற்றுக்கு 40 பேருக்கும் நோய் மீண்டும் வந்தது. தேக்கம் நீங்கினால் நோயின் வரவு குறையும் என்பது இதனால் விளங்குகின்றது. தேக்கத்தையும் மீளும் அழற்சியையும் ஒருங்கு வைத்து நோக்கிய மான்ஸனின் கண் கூரிய கண் என்பதில் ஐயமில்லை.

ஒன்று மட்டும் மறத்தலாகாது. இவ்வெண்கள் பலரைப் பற்றியன. ஒருவரின் தலையெழுத்து அல்ல. அறிகுறியெல்லாம் உடையார் ஒருவருக்கு நோய் வாராதிருத்தலும் கூடும். ஒன்றும் இல்லாருக்கு வருதலும் கூடும். மீண்டும் வரும் என்று சொல்லி நோயாளியை அச்சுறுத்தி அனுப்பும் வைத்தியர் பாதி வேலையே செய்தவராவர். வாராதிருக்க இன்னது செய்க என்று சொல்லி, அதனைச் செய்யக் கைகொடுப்பாரே முழுவேலை செய்தவராவர்.

அக்கைகொடுத்தலுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. 1990-களில் பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத்திலும், நமக்கு அணித்தாயுள்ள ஆலப்புழையிலும் யானைக்கால் நோயாளரிடையே உழைத்த வைத்தியர்கள் கண்ட உண்மை மிக எளியது. நாள்தோறும் காலைச் சவுக்காரமிட்டு நல்ல நீரிற் கழுவுதல், விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தல், சேற்றுப்புண்ணுக்கு மருந்திடுதல், இருக்கும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்தல், செருப்பணிந்து நடத்தல். இவற்றை இடைவிடாது செய்வாரிடத்துக் காய்ச்சலும் அழற்சியும் வெகுவாகக் குறைந்தன. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2000-இல் தொடங்கிய யானைக்கால் ஒழிப்பு முயற்சியில், புழுவைக் கொல்லும் மருந்தோடு இக்கால்பேணும் முறையும் இடம்பெற்றது.

காலைக் கழுவுதல் என்பது கிறிஸ்தவராகிய நமக்குப் புதிய செய்தியன்று. பெரிய வியாழன்தோறும் நம் ஆலயங்களில் நினைக்கப்படும் செயலே அது. நம் ஆண்டவர் அரையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் வார்த்து, தம் சீடரின் கால்களைக் கழுவித் துடைத்தார். அச்செயலைத் தாழ்மைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் நாம் கொள்ளுகின்றோம். நோயுற்று வீங்கி, பிறர் தொட அஞ்சும் காலைத் தொட்டுக் கழுவி, விரலிடுக்கின் ஈரம் துடைத்து, ஒருவரை அடுத்த காய்ச்சலினின்றும் காத்தல் அதன் நேரான பொருளுமாகும் என்பதனை இன்றைய மருத்துவம் நமக்குக் காட்டுகின்றது.

நம் கல்லூரி மாணவர் விடுமுறை நாட்களிற் சிற்றூர்களுக்கு ஊழியஞ்செய்யச் செல்லுங்கால், நீர் தேங்கிய குழிகளை மூடுவதோடு, வீங்கிய காலுடையார் எத்தனைபேர், ஓராண்டில் எத்தனைமுறை காய்ச்சலிற் படுத்தார் என்பதனையும் கேட்டறிந்து எழுதிவருவாராயின், அது மான்ஸன் வழியில் நடந்ததாகும். ஒருமுறை கேட்டு விடாமல் மறுமுறையும் சென்று கேட்டல் வேண்டும். எண்ணிக் குறித்த அச்சிறு ஏடு, யாரை முதலிற் காக்கவேண்டும் என்பதனை வைத்தியருக்குச் சொல்லும். அமாயில் இரவும் பகலும் விழித்திருந்து இரத்தத் துளிகளை எண்ணிய மாணவர் இருவரும் நம்மை ஒத்த இளைஞரே. மான்ஸனுக்கு நாம் செலுத்தும் நன்றி அவர்போல் விழித்திருத்தலே ஆகும்.